பாரிவாக்கத்தில் கை நனைக்காத வாரம்

சென்னையின் மேற்குப் புறநகரில் எங்கே என்ன சாப்பிடலாம் என்று யாராவது கேட்டால் இனிமேல் என்னிடம் அனுப்பி வையுங்கள். தை மாதத்தில் ஒரு வாரம் அங்கே இருந்தேன். பூந்தமல்லி, அம்பத்தூர், ஆவடி என்று சுற்றி, ஒரே ஒரு வீட்டைத் தவிர மற்ற எல்லா இடங்களிலும் சாப்பிட்டேன். அந்த ஒரு வீட்டுக்காகத்தான் தென்காசியிலிருந்து போயிருந்தேன்.

என் மகள் பூரணி பூந்தமல்லி பக்கம் ஒரு அடுக்குமாடியில் தோழிகளோடு தங்கி ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் சரவணனைக் கட்டிக்கொள்ள விரும்புவதாகப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது சொன்னாள். பையனின் குடும்பம் பாரிவாக்கத்தில் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்த குடும்பம். நிலத்தில் பாதி இப்போது அடுக்குமாடியாகிவிட்டது. "நீங்க போய்ப் பாருங்கப்பா. வேண்டாம்னு சொன்னா மீற மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் எனக்கு வேற யாரையும் பாக்காதீங்க" என்றாள். சம்மதம் கேட்கிறாளா, எச்சரிக்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை.

என் அண்ணனுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. "என்ன ஆளுக?" என்று தினமும் தொலைபேசியில் கேட்டார். எப்படிப்பட்ட ஆட்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மனைவிக்கு மூட்டுவலி, வர முடியவில்லை. வாசல் வரை வந்து ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பாத்துட்டு வாங்க. ஆனா அங்க கை மட்டும் நனைச்சிராதிய."

சம்பந்தம் பேசப் போன வீட்டில், முடிவு தெரியும் முன்னால் சாப்பிட்டுக் கை கழுவக் கூடாது. கழுவினால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். நான் சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ திருமணங்களைப் பதிந்து கொடுத்திருக்கிறேன். பெண்ணின் தகப்பனார் சாப்பிட்டாரா என்று சட்டம் எங்கும் கேட்டதில்லை. ஆனாலும் விதி என்று ஒன்று இருந்தால் அதை மீற எனக்குக் கை வராது. மீறுகிறவர்களைப் பார்த்தால் தூக்கமும் வராது.

பாரிவாக்கத்து வீட்டை நான்கு பக்கமும் அடுக்குமாடிகள் எட்டிப் பார்க்கின்றன. வாசலில் ஒரு தண்ணீர் லாரி, அதன் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பசுமாடு. பையனின் தகப்பனார் தயாளன் அந்த லாரியை வைத்துத் தொழில் செய்கிறார். தன் நிலத்தில் எழுந்த வீடுகளுக்கே தண்ணீர் விற்பதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். "முன்ன பயிருக்கு ஊத்தினேன், இப்ப பில்டிங்குக்கு ஊத்தறேன், அவ்ளோதான் சார்" என்று சிரித்தார்.

அவர் மனைவி செல்வி ஒரு தட்டில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். பஜ்ஜியிலிருந்து இன்னும் எண்ணெய் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நடைமுறையை விளக்கினேன். எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் நீளமாகவே விளக்கிவிட்டேன் போலிருக்கிறது. அந்த அம்மாளின் முகம் வாடியது.

"தண்ணியாச்சும் குடிங்கண்ணா."

தண்ணீர் விஷயத்தில் விதி என்ன என்று எனக்கே தெரியவில்லை. மனைவிக்குப் போன் செய்தேன். தண்ணீர் குடிக்கலாம், காபி குடிக்கலாம், ஆனால் தம்ளரைக் கவிழ்த்து வைக்கக் கூடாது என்றாள். எதிர்வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த பெரியவர், இனிப்பு சாப்பிடலாம், காரம்தான் ஆகாது என்றார். ஒரே விதிக்கு இத்தனை சுற்றறிக்கைகள். கடைசியில் தயாளன்தான் எழுந்தார்.

"எங்க பக்கம் உப்புதான் சார் கணக்கு. உப்பு போட்டத துன்னாதான் உறவு. சாருக்கு எதுக்கு கஷ்டம்? வாங்க, வெளிய போய் சாப்புடலாம். கடைல துன்றதுக்கு எந்த கணக்கும் கெடையாது."

'வெளியே போய் ஒரு டீ சாப்பிடலாமா சார்' என்பது என் பணிக்காலத்தில் எல்லா முறைகேடுகளுக்கும் முதல் வாக்கியம். எனவே உஷாராகவே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அவர் பைக்கின் பின்னால் ஏறினேன்.

அன்று மாலை குமணன்சாவடி. சாலையைக் கடக்க வேண்டாம். எந்தப் பக்கம் இறங்குகிறீர்களோ அந்தப் பக்கத்திலேயே சாப்பிடுங்கள். இதுதான் என் முதல் யோசனை. இரண்டாவது யோசனை வடகறி. கடலைப்பருப்பு வடையை உதிர்த்துக் குழம்பில் போட்டுக் கொதிக்க வைப்பது. எங்கள் ஊரில் மீந்த வடைக்கு இந்த மரியாதை கிடையாது. நின்றுகொண்டே சாப்பிடும் தள்ளுவண்டியில் இட்லியின் மேல் அதை ஊற்றிக் கொடுத்தார்கள். தயாளன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்டி கீது சார்?"

"பரவாயில்லை."

"பரவால்லன்னா நல்லா கீதுன்னா, இல்லன்னா?"

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எதைச் சொன்னால் அது எதற்கு ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படும் என்று தெரியாத நிலையில் 'பரவாயில்லை' ஒன்றே பாதுகாப்பான சொல்.

பூந்தமல்லியில் நான் தங்கியிருந்த விடுதிக்கு மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். சம்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குக் குழப்பம். கெஞ்சினால் மறுக்கலாம், மிரட்டினால் மறுக்கலாம். சாப்பாடு மட்டும் வாங்கிக் கொடுக்கிற ஆளை எந்தப் பிரிவின் கீழ் மறுப்பது?

அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிப்ட் விடும் நேரத்தில் போனோம். பீகாரிலிருந்து வந்த ஒருவர் அங்கே லிட்டி போடுகிறார். கோதுமை மாவு உருண்டைக்குள் கடலை மாவு வைத்துக் கரியில் சுட்டது. பார்க்கக் கிரிக்கெட் பந்து மாதிரி இருக்கும். உடைத்து நெய்யில் தோய்த்து, மசித்த கத்தரிக்காயோடு சாப்பிட வேண்டும். அவசியம் சாப்பிடுங்கள், ஆனால் பல் நன்றாக இருந்தால் மட்டும். உணவுப் பாதுகாப்புச் சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டுமே என்று கேட்டேன். வண்டிக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். நெய்க்கறை இருந்தாலும் செல்லுபடியாகும் சான்றிதழ். எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது.

பக்கத்தில் நின்ற இரண்டு தொழிலாளர்கள் இந்தியில் பேசிக்கொண்டார்கள். இளமையில் இந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவன் நான் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"பெரியவர் முகத்தைப் பார். சாப்பிட வந்தவர் முகமா அது? ஏதோ சோதனை போட வந்திருக்கிறார்."

"அவர் கூட இருக்கிறவரைப் பார். அவருக்கு நாளைக்கு ரிசல்ட் போல."

நான் திரும்பி தயாளனைப் பார்த்தேன். லிட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் கடிக்காமல், என் வாய் அசைவதையே கவனித்துக்கொண்டிருந்தார். அன்று 'நன்றாக இருக்கிறது' என்று சொன்னேன். லிட்டியைத்தான் சொன்னேன் என்று உடனே சேர்த்துக்கொண்டேன்.

இப்போது மதுவகைகள். இந்தப் பக்கம் 'ஒயின்ஷாப் எங்கே' என்று கேட்டால் எல்லோரும் அரசு மதுக்கடைக்கு வழி சொல்வார்கள். அங்கே போய் ஒயின் கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். இது தெரிந்துதான் தயாளன், "சார் சரக்கு ஏதாச்சும்..." என்று தயங்கியபோது, "ஒயின் மட்டும், அதுவும் திராட்சை ஒயின், ஒரு வாய்" என்றேன். கிடைக்காத ஆவணத்தைக் கேட்டு மனுவை நிறுத்தி வைப்பது எங்கள் துறையில் பழைய வழி. பேச்சு அத்தோடு முடியும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் விடுதி வாசலில் நின்றார். "கெட்ச்சுட்ச்சு சார்."

ஆவடியில் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெர்னாட் என்பவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார். பெர்னாட் ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்துமஸுக்குக் கறுப்பு திராட்சையில் பீங்கான் ஜாடியில் ஒயின் போடுவார். மிச்சம் ஒரு பாட்டில் இருந்தது. வீட்டில் மது தயாரிக்க உரிமம் வேண்டும் என்ற விதியைச் சொன்னேன்.

"ஆமா சார், இருக்குது ரூலு," என்றார் பெர்னாட். "நீங்க குடிக்கிறதுக்கு முன்னாடி எழுதிக்கினு போறீங்களா, குடிச்சிட்டு எழுதறீங்களா?"

தயாளன் அவர் தோளில் தட்டினார். "மாமே, கம்னு இரு. சார் நம்ப ஆளு." சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அதாவது... தெரிஞ்சவரு."

ஒயின் இருமல் மருந்தில் கிராம்பு போட்டது போல இருந்தது. இரண்டாவது வாயில் நன்றாக இருந்தது. மூன்றாவது வாயில் இது கை நனைத்ததில் சேருமா என்ற சந்தேகம் வந்தது. கேட்டேன்.

"இதுல உப்பு இல்லியே சார்," என்றார் தயாளன் அமைதியாக.

வெளியே வந்து, ராணுவக் குடியிருப்புப் பக்கம் ஒரு கடையில் சோளா பூரி சாப்பிட்டோம். ஒரு பூரி ஒரு தட்டை மறைக்கும். ஒயினுக்கு மேல் பூரி வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன்.

அன்றிரவு பூரணி கேட்டாள். "என்னப்பா முடிவு பண்ணீங்க?"

"இன்னும் பார்க்க வேண்டியது இருக்கு."

"எதைப்பா? அவங்க வீட்டயா, ஓட்டலயா?"

அந்தக் குடும்பத்தில் ஆட்சேபிக்க ஒன்றும் அகப்படவில்லை. முதல் நாள் அவர்கள் வீட்டில் பையன் மரியாதையாகப் பேசினான், குனிந்து என் செருப்பை ஓரமாக வைத்தான், அளவாகச் சிரித்தான். ஆட்சேபணை இல்லாவிட்டால் பதிய வேண்டியதுதானே? ஆனால் அண்ணனின் கேள்வி காதில் இருந்தது. ஊருக்குத் திரும்பும் நாளும் வந்துவிட்டது, ரயில் இரவில். இடையில் ஒரே ஒரு பகல்.

"இன்னிக்கு வேப்பம்பட்டு சார். அங்க ஒரு கொழம்பு கீது, அத துன்னாம நீங்க ஊருக்குப் போனா நான் சும்மா கூட்டிகினு சுத்துன மாரி ஆயிடும்," என்றார் தயாளன். அவர் வண்டி பழுதுக்குப் போயிருந்ததால் ஆவடியிலிருந்து மின்சார ரயில். நான் கால அட்டவணையை முந்தின நாளே பார்த்து வைத்திருந்தேன். வந்த வண்டியில், "இதுதான்" என்று சொல்லி ஏறினேன். அவரும் பின்னாலேயே ஏறினார். பட்டாபிராம் தாண்டியதும் வண்டி பிரதான பாதையை விட்டுவிட்டு ராணுவக் கிடங்கு பக்கம் திரும்பி, கிளைப்பாதையின் கடைசி நிலையத்தில் போய் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிப் போனார்கள். நடைமேடையில் நாங்கள் இருவரும், ஒரு நாயும்.

"இது வேப்பம்பட்டு போகாதென்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீங்க அவ்ளோ உறுதியா ஏறினீங்க. இந்த வண்டி இன்னிக்கு அங்க போவுதோ இன்னாவோன்னு நெனச்சேன்." நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தார். "உங்கள அவசரப்படுத்தக் கூடாதுன்னு பையன் சொல்லிட்டான் சார். 'அவருக்கா தோணணும், நீ எதயும் கேக்காதப்பா'ன்னான். அதான் நான் வாயத் தொறக்கல. அன்னிக்கு எங்கூட்டுக்காரி போட்ட பஜ்ஜி, நீங்க போன அப்பறம் யாரும் தொடல. மாட்டுக்கு வெச்சிட்டா."

எனக்கு அந்தப் பசுமாடு ஞாபகம் வந்தது. சூடான பஜ்ஜியை அது என்ன செய்திருக்கும்? அபத்தமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியோடுதான் அடுத்த வண்டி வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.

வேப்பம்பட்டில் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் ஒரு தகரக் கொட்டகைச் சாப்பாட்டுக் கடை. நான்கு மேசை. நடத்துவது கன்னியம்மா என்ற, என் வயதுள்ள பெண்மணி. குரல் ரயில் சத்தத்துக்கு மேலே கேட்கும். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட காரக்குழம்புதான் அங்கே விசேஷம். எதிரில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அரக்கோணத்துலேர்ந்து வந்து இறங்கி துன்ட்டுப் போறாங்க அண்ணாத்தே. யக்கா, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து!"

"ஊத்தறேன் இரு, உன் வயிறு இன்னா தண்ணி லாரியா?" என்றபடி கன்னியம்மா என் இலையைப் பார்த்தார். எனக்கு மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்திலிருந்து குழம்பை ஊற்றினார்.

மணம் அபாரம். பிசைந்து ஒரு வாய் வைத்தேன். ஒன்றுமே இல்லை. புளிப்பு இருந்தது, காரம் இருந்தது, ஆனால் இரண்டும் தனித்தனியாக நின்றன. இன்னொரு வாய். அதேதான். சுற்றிலும் பார்த்தேன், எல்லோரும் விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள். என் நாக்குக்கு ஏதாவது ஆகிவிட்டதா? வாரம் முழுக்கச் சாப்பிட்டதில் மரத்துவிட்டதா? சோற்றை மட்டும் எடுத்துப் பார்த்தேன். பொரியலைத் தொட்டேன். அதுவும் அப்படியே.

"அம்மா, உப்புப் போட மறந்துவிட்டீர்களா?"

ஆட்டோக்காரரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. தயாளன் தன் இலையைப் பார்த்துக்கொண்டார். கன்னியம்மா கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்தார்.

"மறக்கல அண்ணாத்தே. உனுக்கு மட்டும் உப்பு போடாம தனியா எட்த்து வெச்சேன். நான் தயாளனுக்கு அக்கா. சரவணனுக்கு அத்த. என் சட்டி எங்கப்பன் ஊட்டு சட்டி மாரிதான். நீ இங்க உப்புத் துன்ட்டு, அப்பறம் ஊருக்குப் போய் வேணாம்னு சொல்லிட்டன்னு வெச்சிக்கோ, நாளிக்கு நாலு பேரு 'உப்பத் துன்ட்டு ஓடிட்டான் பாரு'ன்னு உன்னப் பேசுவான். பொண்ணப் பெத்தவன், உனுக்கு அந்தப் பேரு எதுக்கு?"

"யக்கா!" என்றார் தயாளன். பிறகு என்னிடம், "உங்ககிட்ட சொல்லாம இட்டாந்தது என் தப்பு சார். அவ கொழம்ப நீங்க ஒரு வாட்டி துன்னணும்னு ஆச. உப்ப நிறுத்தச் சொன்னதும் நான்தான். நீங்க அப்டியே எழுந்துக்கலாம். ஒண்ணும் கணக்குல வராது. நான் ரயிலேத்தி உடறேன்."

விவரம் தெரிவிக்காமல் வாங்கிய ஒப்புதல் செல்லாது என்பது எனக்குத் தெரியும். அதை ரத்து செய்யும் வழிகளும் தெரியும். ஆனால் இங்கே யாரும் என்னிடமிருந்து எதையும் வாங்கியிருக்கவில்லை. தங்கள் பெயர் பெற்ற குழம்பையே கெடுத்து, நான் மறுத்துவிட்டுப் போவதற்கான வழியை அவர்களே திறந்து வைத்திருந்தார்கள். என் நீண்ட பணிக்காலத்தில் எந்தத் தரப்பும் எதிர்த்தரப்புக்கு இப்படி ஒரு வசதி செய்துகொடுத்து நான் பார்த்ததில்லை. என்ன ஆட்கள் என்ற கேள்விக்கு அண்ணனிடம் சொல்ல இப்போது என்னிடம் ஒரு பதில் இருந்தது. அவருக்குப் புரியுமா என்பது வேறு.

"உப்பு இருக்கிறதா?" என்று கேட்டேன்.

உப்பைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கன்னியம்மா கல்லுப்பு ஜாடியைக் கொண்டுவந்து என் இலைக்கு எதிரே மேசையில் வைத்து, மூடியைத் திறந்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றார். சாப்பிடாத இடது கையால் ஜாடியைத் தொடுவதா, குழம்பு ஒட்டிய வலது கையை உள்ளே விடுவதா என்பதில் எனக்கு ஒரு கணம் குழப்பம். அதற்கும் ஏதாவது விதி இருக்கும். யாரையும் கேட்கவில்லை. வலது கையை விட்டு எடுத்தேன், குழம்பில் தூவினேன், பிசைந்தேன், சாப்பிட்டேன்.

"அப்டிப் போடு அண்ணாத்தே!" என்றார் ஆட்டோக்காரர், யாரும் கேட்காமலே.

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப பெரிய சட்டிலேர்ந்து ஊத்தட்டா?" என்றார். தயாளன் தன் இலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனார். தகரத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவர் போனில் பேசுவது கேட்டது. "செல்வி... ஒண்ணுமில்ல. நல்லாதான் கீறேன். அழுவல. ஊட்ல வாழக்கா இருக்குதா பாரு. இல்லன்னா வாங்கி வை. சார இட்டுனு வரேன்."

நான் இலையை மூடிவிட்டு எழுந்து, பின்பக்கம் டிரம்மில் இருந்த தண்ணீரை மொண்டு, இரண்டு கையையும் நன்றாகக் கழுவினேன்.

ஆக, வேப்பம்பட்டுக்குப் போகிறவர்கள் ஆவடியில் வண்டியின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏறுங்கள். கன்னியம்மா கடையில் காரக்குழம்பு நன்றாக இருக்கிறது. என் இலையில் மட்டும் உப்பு சற்றுக் கூடிவிட்டது. போட்டது நான் என்பதால் புகார் செய்ய இடமில்லை.